நெஞ்சுக்கு ஒரு வில்லங்கச் சான்று

மார்ச் 3, செவ்வாய்

பத்திரம் எழுதுகிறவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார், என்ன, எங்கே என்பதை முதல் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கோர்ட்டுக்கு அலைய நேரும். ஆகவே: பாளையங்கோட்டையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்தாறு வருடமாகப் பத்திர எழுத்தராக இருக்கும் ஆவுடைநாயகி, வயது 54. கணவர் பஸ் விபத்தில் போய் ஆறு வருடம். ஒரே மகள் முத்தரசி, வீட்டில் அரசி, வயது 26, தூத்துக்குடியில் வங்கி வேலை, தினம் போய்வருகிறாள். எனக்கு இடது மார்பில் புற்றுநோய். எழுதிவிட்டேன். இனி இந்த நோட்டில் அதற்கு 'மேற்படி' என்று பெயர்.

கீமோ முடிந்தது. ஜனவரியில் ஆபரேஷனும் முடிந்தது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. மொத்தம் பதினெட்டு, ஆறு போட்டாகிவிட்டது. பதினெட்டும் ஏறினால் மேற்படி திரும்பி வராமலிருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்கிறார் டாக்டர். ஆனால் அந்த ஊசி சில பேருக்கு இதயத்தைச் சோர்ந்துபோகச் செய்துவிடுமாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எக்கோ ஸ்கேன். இதயம் ஒரு துடிப்பில் தன்னிடம் வந்த ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று அதில் பார்க்கிறார்கள். சிகிச்சைக்கு முன்னால் எனக்கு 64. நவம்பரில் 61. பிப்ரவரியில் 59. ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஊசி நின்றால் மேற்படிக்குக் கதவைத் திறந்துவைத்த கதைதான்.

ஊருக்கு இது எதுவும் தெரியாது. ஊரைப் பொறுத்தவரை எனக்கு ஹார்ட் அட்டாக்.

இது என் மூத்த நாத்தனார் சொர்ணம் மைனியின் ஏற்பாடு. மேற்படி உறுதியான அன்றே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி ஆவுடை, வீட்டுல கல்யாணத்துக்கு நிக்க பொண்ணு இருக்கா. அந்த நோயின்னா தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும்பான். ஒரு பய வாசப்படி மிதிக்க மாட்டான். ஹார்ட்டுன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குட்டி. பெரிய பெரிய மனுசனுக்கெல்லாம் வாரதுலா!"

நான் முதலில் கத்தினேன். பிறகு பார்த்தால் பொய் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்திவிட்டது. இடது மார்பில் கட்டு: இதய ஆபரேஷன். மருந்து ஏற்றுவதற்காக வலது தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் வைத்திருக்கும் சின்னக் கருவி: பேஸ்மேக்கர். கொட்டிப்போன முடி: பிழைத்து வந்ததற்குத் திருச்செந்தூரில் மொட்டை. எக்கோ எடுக்கப் போவதோ இதய டாக்டரிடம்தான். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ போலிப் பத்திரம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

எதிர்வீட்டு லூர்துமேரி மருதம்பட்டைக் கஷாயம் கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று செல்போனை அணைத்து, அணைத்ததும் போதாதென்று அதைத் துளசி மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பேஸ்மேக்கருக்கு ஆகாதாம். கஷாயம் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. நாக்கு இன்னும் கசக்கிறது.

அவள் போன பிறகு துளசி மாடத்தில் போன் கிடந்தது. அணைத்து வைத்ததால் எங்கே வைத்தோம் என்று கூப்பிட்டுப் பார்க்கவும் முடியாமல் மூதி தெருவெல்லாம் தேடியிருக்கிறாள்.

மார்ச் 14, சனி

என்னை மைதானத்தில் காலை நடக்கும் 'இதய நண்பர்கள் குழு'வில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தது மைனி. எல்லாரும் பைபாஸ், ஸ்டென்ட் ஆசாமிகள். யாருக்கு எத்தனை அடைப்பு என்பதை வைத்து அங்கே மரியாதை. மூன்று அடைப்புக்காரர் பேசினால் ஒற்றை அடைப்புக்காரர் வாயைத் திறப்பதில்லை.

குழுவின் தலைவர் ஞானதிரவியம் அண்ணாச்சி. அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஒரு சாண் தழும்பு. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

"ஒங்களுக்கு எத்தன அடைப்பு?" என்றார்.

"ரெண்டு" என்றேன். அடக்கமாக இருக்கட்டும் என்று.

"பேஸ்மேக்கருன்னு சொன்னாங்க. பொதுவா இடது பக்கம்லா வைப்பாங்க. ஒங்களுக்கு என்ன வலது பக்கம்?"

"நான் இடது கைக்காரி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தக் கணத்திலிருந்து மைதானத்தில் எல்லாவற்றையும் இடது கையால் செய்ய வேண்டியதாகிவிட்டது. அந்தக் கைப்பக்கம்தான் ஆபரேஷன். தூக்கினால் உயிர் போகிறது.

மார்ச் 20, வெள்ளி

ஏழாவது ஊசி.

மார்ச் 29, ஞாயிறு

மைனி எனக்கு நெஞ்சு நோயாளி ஒத்திகை வைத்தாள். மூணாவது படியில் நிற்க வேண்டும். கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். மூச்சை வாயால் விட வேண்டும். ஆனால் முகத்தைச் சுளிக்கக் கூடாது, சுளித்தால் வயிற்றுவலி என்று நினைத்துக்கொள்வார்களாம்.

"ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் மெதுவா. பால்காரன் பாக்குதான்ல."

"மைனி, நீங்க நாடகத்துக்குப் போயிருக்கணும்."

"போயிருப்பேன். ஒங்க மாமனாரு விடல."

அரசி சோபாவில் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதற்காகவே இன்னொரு தடவை ஏறி இறங்கினேன்.

ஏப்ரல் 6, திங்கள்

புரோக்கர் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வரன் கொண்டு வந்திருக்கிறார். பையன் பெயர் சங்கரலிங்கம், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். அப்பா இல்லை. அம்மா வடிவம்மாள், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். போட்டோவில் அரசிக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று மூன்று தடவை சொன்னாள்.

ஆனிக்குள் முடித்துவிட வேண்டும் என்று புரோக்கரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். ஆடி வந்துவிட்டால் நடக்காது, ஆவணியில் மண்டபம் கிடைக்காது.

"ஏம்மா இவ்ளோ அவசரம்?" என்றாள் அரசி.

"மண்டபம் கிடைக்காதுட்டி."

இன்று பீரோவில் எந்தத் தட்டில் எந்தப் பத்திரம் இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். சும்மா, எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தானே. மத்தியானம் வேலை இல்லாததால் என் உயிலையும் எழுதி வைத்தேன். கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

ஏப்ரல் 10, வெள்ளி

எட்டாவது. பக்கத்து நாற்காலியில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்த கயத்தாற்று அம்மாள் தன் ஊரில் இதற்கு 'சர்க்கரை' என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். அதனால் ஒரு வருடமாக எந்தக் கல்யாண வீட்டிலும் அவளுக்கு இலையில் இனிப்பு வைக்கவில்லை. என் பொய் எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இதய நண்பர்கள் குழுவின் ஆண்டு விழா. 'மாரடைப்பை நான் வென்ற கதை' என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். மைக்கைக் கையில் கொடுத்ததும் என்ன ஆயிற்றோ, அரை மணி நேரம் பேசிவிட்டேன். வியர்த்தது, இடது கை மரத்தது, கண் இருட்டியது, கண்ணைத் திறந்தால் மகள் முகம். கடைசி ஒன்று மட்டும் உண்மை. அது ஆபரேஷன் அன்று. ஜனம் கண்ணைத் துடைத்தது. பொன்னாடை, ஒரு சுவர்க்கடிகாரம்.

மேடையிலிருந்து இறங்கும்போது மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. அதற்கு வேறு கைதட்டினார்கள். ஞானதிரவியம் அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மனுசனுக்குப் பொறாமை.

ஏப்ரல் 28, செவ்வாய்

நடிப்பு எனக்குக் கைவந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலக மாடிக்கு இன்று இரண்டு தடவை நின்று நின்று ஏறினேன். யாரும் பார்க்காத இடத்திலும் நிற்கிறேன். பழக்கதோஷம்.

உடம்பும் தேறி வருகிறது. ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். பழைய செருப்பு வார் காலைக் கடிக்கிறது. மைனியிடம் சொன்னேன், "கண்ணு பட்டுரப்போவுது, வெளிய சொல்லாத" என்றாள். படுத்தால் லேசான இருமல். சித்திரை வெயிலில் மோர் குடித்தது. இன்னொரு தலையணை வைத்துக்கொண்டால் சரியாகிவிடுகிறது.

மே 1, வெள்ளி

ஒன்பதாவது. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. எக்கோவுக்கு 13ஆம் தேதி வரச் சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். கைப்பைக்குள் போட்டேன்.

மே 8, வெள்ளி

அம்பாசமுத்திரத்துக்காரர்கள் பெண் பார்க்க 13ஆம் தேதிதான் வர முடியுமாம். அதை விட்டால் ஜூன் ஆகிவிடும். நான் எக்கோவைத் தள்ளிவைத்துவிட்டேன். நெஞ்சு எங்கே ஓடிவிடப்போகிறது? மாப்பிள்ளை ஓடிவிடுவான்.

அரசிக்குச் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பாள்.

மே 13, புதன்

வந்தார்கள். பையன் தங்கம். அரசி காபி கொடுத்தபோது சர்க்கரை போடவில்லை என்பதை இரண்டு மடக்கு குடித்த பிறகும் சொல்லவில்லை. அரசியே தன் தம்ளரில் வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

வடிவம்மாள் வெள்ளைப் புள்ளிச் சேலை, ஒல்லி, அளந்து பேசுகிறவர். என் மொட்டையிலிருந்து முளைத்த முடியைப் பார்த்து, "ஒங்களுக்கு ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மைனி ஆரம்பித்துவிட்டாள். வியர்த்ததில் தொடங்கி பேஸ்மேக்கர்வரை. நான் மேடையில் சொன்னதைவிட அருமையாக இருந்தது.

வடிவம்மாள் கையிலிருந்த அல்வாவைத் தட்டில் வைத்தார். "ஒங்க அப்பாவுக்கும் நெஞ்சு நோய் உண்டுமா?" என்றார்.

மைனிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்பா என்ன, தாத்தா, பெரியப்பா, எல்லாருக்கும் ஹார்ட்டுதான்! பரம்பரையாவே அப்படி. அந்தக் குடும்பத்துல வேற நோயில யாரும் செத்ததே கிடையாதுல்லா!"

என் அப்பா எண்பத்தோரு வயதில் மாங்காய் பறிக்க ஏறி விழுந்து செத்தார்.

வடிவம்மாள் மகனைப் பார்த்துவிட்டு எழுந்தார். பூ வைக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

மே 16, சனி

புரோக்கர் போன். "யோசிச்சுச் சொல்லுதோம்னு சொல்லுதாங்க." யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர்கள் யாரும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

"எவனோ மேற்படிய பத்தி மோப்பம் புடிச்சுச் சொல்லிட்டான்" என்று மைனி தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அரசி வங்கியிலிருந்து வந்து நேரே அறைக்குள் போனாள். சாப்பிடக் கூப்பிட்டேன், தலைவலி என்றாள். சவத்துப் பொய். யாருக்காகச் சொன்னோமோ அவளுக்கே ஆகவில்லை.

மே 19, செவ்வாய்

மைதானம். ஒரு சுற்றுகூட முடியவில்லை. சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கையை நெஞ்சில் வைக்கவில்லை, படியில் நிற்கவில்லை, எதுவும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஞானதிரவியம் அண்ணாச்சி நடையை விட்டுவிட்டு வந்து எதிரே நின்றார்.

"காலை கீழ நீட்டுங்க. பெருவிரலால கணுக்காலுக்கு மேல அழுத்துங்க."

அழுத்தினேன். எடுத்தேன். குழி விழுந்தது. அது நிரம்பவே இல்லை. பிசைந்த மாவில் விரல் வைத்தது போல் அப்படியே கிடந்தது.

"படுத்தா இருமலா?"

"மோர் குடிச்சது…"

"எத்தன தலவாணி?"

"மூணு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தோரு வருசம் செக்கிங்ல இருந்தவன் நான். டிக்கெட் இல்லாம ஏறினவன் மூஞ்சி பஸ் கூட்டத்துல எனக்குத் தனியாத் தெரியும். மொத நாளே தெரியும், ஒங்ககிட்ட டிக்கெட் இல்லன்னு. இடது கைக்காரியாம்லா! குழுவுல சேரும்போது நோட்டுல பேனாவ வலது கையிலதான புடிச்சுக் கையெழுத்துப் போட்டிய?"

எனக்கு முகம் எரிந்தது.

"ஏன் அப்பவே சொல்லல?"

"ஒரு பொம்பளையாளு காரணமில்லாம இப்படி ஒரு பொய்ய சுமந்துக்கிட்டுத் திரிய மாட்டா. எறங்குத எடத்துல எறங்கட்டும்னு விட்டேன். ஆனா இன்னைக்கு நீங்க நடிக்கல. இன்னைக்கு ஒங்க கையில டிக்கெட் இருக்கு. ஆட்டோ கூப்பிடுதேன், இப்பவே போங்க."

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மேற்படி என்று சொல்லவில்லை, அதன் பெயரையே சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

மே 20, புதன்

எக்கோ. இருட்டு அறை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குளிர்ந்த பசையைத் தடவி, ஆபரேஷன் தழும்புக்கு ஓரத்தில் கருவியை அழுத்தினாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "மூச்சை விடுங்க. அப்படியே நிப்பாட்டுங்கம்மா." நிறுத்த முடியவில்லை. மூன்று தடவை முயற்சி செய்தோம்.

தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. சின்னதாக இரண்டு கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் சுவர் உள்ளே வர வேண்டும்; ஒரு பக்கத்துச் சுவர் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. எட்டு மாதமாக இதைப் பற்றி ஊரெல்லாம் கதை அளந்திருக்கிறேன். இன்றைக்குத்தான் கவனித்துப் பார்க்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் வட்டமான ஒரு படத்தைக் காட்டினார். நல்ல சிவப்பாக இருக்க வேண்டியது பாதிக்கு வெளுத்துக் கிடந்தது. "இதயத் தசை எவ்வளவு சுருங்குதுன்னு காட்டுற படம் இது. பிப்ரவரியில 59 இருந்தப்பவே ஓரத்துல லேசா வெளுத்திருந்துச்சு. அதனாலதான் இந்தத் தடவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்கன்னு சீட்டுல எழுதியிருந்தோம். இப்ப 44."

கைப்பையிலிருந்து சீட்டை எடுத்தேன். சிவப்பு மையில், இரண்டு கோடு அடித்து, எழுதித்தான் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை இருபத்தாறு வருடமாகத் திட்டுகிறவள் நான்.

மே 22, வெள்ளி

பத்தாவது ஊசி இல்லை. இதயத்துக்கு மாத்திரை, உப்புக் குறைக்க வேண்டும், தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி எக்கோ. ஐம்பதைத் தாண்டினால் ஊசி தொடரும். தாண்டாவிட்டால் என்ன என்று கேட்டேன். "அப்ப யோசிப்போம்" என்றார் டாக்டர். இவரும் யோசிக்கிறார்.

மைனியிடம் சொன்னேன். "மைனி, எனக்கு நெசமாவே ஹார்ட்டு."

அவள் ஜன்னலை எட்டிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். "யாரும் இல்லையேட்டி. என்கிட்ட என்னத்துக்கு நடிக்க?"

ரிப்போர்ட்டைக் காட்டினேன். அதை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு, "இதையும் நீயே டைப் அடிச்சியா?" என்றாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, "நான் வாய் வச்ச வேள, நான் வாய் வச்ச வேள" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன்.

மே 30, சனி

நிஜ நெஞ்சு நோயாளியாக இருப்பதில் ஒரு சுவாரசியமும் இல்லை. யாரிடம் சொன்னாலும் "அதான் தெரியுமே" என்கிறார்கள். அனுதாபத்தையெல்லாம் பொய்க்கே வாங்கித் தீர்த்துவிட்டேன். லூர்துமேரி மட்டும் மறுபடி கஷாயத்தோடு வந்தாள். டாக்டர் மாத்திரையோடு அது சேரக்கூடாது என்று சொன்னேன். "ரெண்டு மாசமா குடிச்சியள்லா?" என்றாள். முதல் தடவைக்குப் பிறகு எல்லாவற்றையும் முருங்கைக்கு ஊற்றிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மரம் மட்டும் ஜோராக இருக்கிறது.

ஞானதிரவியம் அண்ணாச்சி தினம் காலையில் வாசலில் நின்று எடை எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். இன்று ஒன்றரைக் கிலோ குறைவு. வீக்கம் வடிகிறது.

ஜூன் 7, ஞாயிறு

முடிவு செய்தேன். பொய்யால் வரன் போனது போகட்டும். அரசியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வடிவம்மாள் கதவைத் திறந்து எங்களைப் பார்த்துத் திகைத்தார். உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு ஹார்ட்டுன்னு சொன்னது பொய். எனக்கு மார்புல புற்றுநோய். ஆபரேஷன் ஆயிட்டு. ஊசி பாதி ஆயிட்டு. ஒங்ககிட்ட மறைச்சது தப்பு. மன்னிக்கணும்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப பரம்பரையா நெஞ்சு நோயின்னு சொன்னது?"

"என் நாத்தனார் வாய். எங்க அப்பா மாமரத்துல இருந்து விழுந்து செத்தாரு, எண்பத்தோரு வயசுல."

"எண்பத்தோரு வயசுல மரம் ஏறினாரா?"

"ஏறினாரு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். என் அப்பா செத்ததைக் கேட்டு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "எங்க வீட்டுக்காரரு நாப்பத்தேழு வயசுல பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அவுக அண்ணனும் அப்படியே. என் பேரப்பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் அந்த நோய் வரக்கூடாதுன்னுதான் மனசக் கல்லாக்கிக்கிட்டு வேண்டாம்னேன். பாவி மகன் அன்னையிலேருந்து சரியாச் சாப்பிடல. கேன்சர்னு மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே பூ வச்சிருப்பேம்லா!"

அரசி என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது.

இத்தோடு எழுந்து வந்திருக்கலாம். பொய்யால் பட்டது போதும் என்று மிச்சத்தையும் சொன்னேன். "ஆனா இப்ப எனக்கு நெசமாவே நெஞ்சுல கோளாறு இருக்கு."

வடிவம்மாள் முகம் மறுபடி விழுந்துவிட்டது. "இப்பதான பொய்யின்னிய?"

"அப்ப பொய். இப்ப நெசம்."

சங்கரலிங்கம் உள் அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றுவிட்டான். அவனுக்கும் தலை சுற்றியிருக்கும். நான் ஃபைலைத் திறந்தேன். இதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

"அம்மா, இது போன ஆகஸ்ட் எக்கோ. சிகிச்சை தொடங்குததுக்கு முந்தி. இதை மூலப்பத்திரம்னு வச்சுக்கோங்க. 64. ஒரு வில்லங்கமும் இல்ல. இது நவம்பர், 61. இது பிப்ரவரி, 59. இந்த ஓரத்துல வெளுத்திருக்கே, இங்கதான் வில்லங்கம் தொடங்குது. இது மே, 44. எல்லாம் ஊசி வழியா வந்தது. எங்க அப்பா வழி, தாத்தா வழி எதுவும் இல்ல. இது ரத்தப் பரிசோதனை. புற்றுநோயும் பரம்பரை வழி இல்லன்னு எழுதியிருக்கு. என் நெஞ்சு நோய் பூர்வீகம் இல்லம்மா. சுயார்ஜிதம். நான் சம்பாதிச்சது. பிள்ளைக்குப் பாத்தியதை கிடையாது."

புற்றுநோய் ஃபைலை நன்னடத்தைச் சான்றிதழாக நீட்டி ஒருத்தி பெண்ணுக்கு வரன் கேட்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வடிவம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு ரிப்போர்ட்டையும் வரிசையாக மேசையில் அடுக்கினார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். டீச்சர் இல்லையா, தேதியெல்லாம் சரிபார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த 44 ஏறுமா?"

"தெரியாது. ஜூலை ஒண்ணாந்தேதி பாப்பாங்க. ஏறினாத்தான் பாக்கி ஒம்பது ஊசியும் போடுவாங்க."

"ஏறலன்னா?"

அரசி என் கையைப் பிடித்தாள். வடிவம்மாள் அதற்கு மேலே கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் போட்டிருந்த பிச்சிப் பூவில் பாதியை வெட்டிக்கொண்டு வந்து அரசிக்கு வைத்துவிட்டார்.

"நீங்க எந்திரிக்காதீங்க, மூச்சு வாங்குது பாருங்க" என்றார் என்னைப் பார்த்து.

ஜூன் 18, வியாழன்

ஆனி பிறந்து நான்கு நாள். முகூர்த்தம் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. மாத்திரை, அளந்த தண்ணீர், உப்பில்லாத குழம்பு. ஒரு தலையணை குறைந்திருக்கிறது. மைனி எந்தச் சாமியை விட்டாளோ தெரியவில்லை. கிருத்திகை, பிரதோஷம், லூர்துமேரியோடு போய் மாதா கோவில் மெழுகுவத்திவரை. வாயை மட்டும் திறப்பதில்லை. அவள் பேசாமலிருப்பது என் உடம்பைவிடக் கவலையாக இருக்கிறது.

ஜூலை 1, புதன்

53.

அந்தப் பெண் பசையைத் துடைத்துவிடும்போதே டாக்டர் சொல்லிவிட்டார். நான் மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டைக் காட்டினார். வெளியே பெஞ்சில் மைனி, அரசி, ஞானதிரவியம் அண்ணாச்சி மூவரும் மருந்துக்கடைச் சுவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "அம்பத்தி மூணு!" என்று கத்திவிட்டேன். வரிசையில் காத்திருந்த யாரோ ஒரு பெரியவர் தன் டோக்கன் எண் என்று நினைத்து எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாத்திரையும் தொடரும், ஊசியும் தொடரும். இனி ஆறு வாரத்துக்கு ஒரு எக்கோ. மறுபடி இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம் என்று டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார்.

ஜூலை 3, வெள்ளி

பத்தாவது ஏறியது. கயத்தாற்று அம்மாளுக்கு என் கதையைச் சொன்னேன். அடுத்த கல்யாணத்தில் இலையில் ஜாங்கிரி கேட்கப்போவதாகச் சொன்னாள்.

ஜூலை 9, வியாழன்

வடிவம்மாள் போன் செய்தார். ஜோசியர் மூன்று முகூர்த்தம் கொடுத்திருக்கிறாராம். இரண்டு ஆவணியில், ஒன்று தையில்.

"நீங்கதான் சீக்கிரம் முடிக்கணும்னு புரோக்கர்கிட்ட ஒத்தக்கால்ல நின்னியளாமே. மொத ஆவணியவே வச்சுக்கிடுவோமா சம்பந்தி? மண்டபத்துக்கு நான் சொல்லி வச்சிருக்கேன், கிடைச்சுரும்."

மைனி பக்கத்தில் நின்று 'சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு' என்று கையைக் காட்டினாள். அரசி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். நான் காலண்டரைப் புரட்டினேன். ஆவணியில் பதின்மூன்றாவதோ என்னவோ ஓடிக்கொண்டிருக்கும். பதினெட்டாவது டிசம்பர் 18. தை அதற்கும் பிறகு.

"தையில வச்சுக்கிடுவோம்" என்றேன்.

"அம்புட்டு நாளா? இன்னும் ஆறு மாசம் கிடக்கே."

"கிடக்கட்டும் சம்பந்தி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

போனை வைத்தேன். மைனி, "நல்லா இருந்த புத்திக்கு என்ன ஆச்சு இவளுக்கு" என்று புலம்பிக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். அரசி அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சின்னப் பிள்ளையில் இருட்டில் படுத்துக்கொண்டு கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

"அப்ப தையில நீ இருப்பதானேம்மா?"

"இருப்பேன்ட்டி" என்றேன்.